வேப்பிலை கட்டிய வீட்டுக்கு நானே பிள்ளைகளைக் கூட்டிப் போனேன்

போன வாரம் உச்சிப்புளியில் இருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, உங்க பக்கம் யார் வீட்லயாவது அம்மா வந்திருக்கா? பரிட்சை தொடங்குறதுக்குள்ள என் பிள்ளைங்க ரெண்டுக்கும் வர வச்சிட்டா நிம்மதி. நீயும் அப்படித்தானே செஞ்சே" என்று கேட்டாள். அம்மா என்று அவள் சொன்னது சின்னம்மையை. எனக்குக் கையெல்லாம் சில்லிட்டுப் போனது. நான் அப்படிச் செய்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது, அதற்கப்புறம் நடந்தது தெரியவில்லை. தெரியாததற்குக் காரணமும் நான்தான், வெட்கத்தில் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. அன்றைக்கு அவளிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு யாராவது இப்படிச் சொல்லியிருக்கக் கூடாதா என்று அப்போது தோன்றியது, அதனால்தான் எழுதியும் வைக்கிறேன்.

நாங்கள் மண்டபத்தை ஒட்டி இருக்கிற ஒரு கடற்கரை ஊர். வீட்டுக்காரர் விசைப்படகில் டிரைவர். நான் வீட்டில் மிஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறேன். அப்போது பெரியவளுக்கு ஒன்பது வயது, சின்னவனுக்கு ஐந்து. மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, தங்கச்சிமடத்தில் கட்டிக்கொடுத்திருக்கிற மதினி போன் செய்து, மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, லேசாகத்தான் இருக்கிறது, பிள்ளை எழுந்து உட்கார்ந்து டிவி பார்க்கிறது என்றார். அடுத்த மூச்சில், "நீயும் பிள்ளைகளைக் கூட்டிட்டு வந்துரு. இந்த வயசுல வந்தா நாலு முத்தோட போயிரும். நாளைக்குப் பத்தாவது பரிட்சைல வந்து நின்னா என்ன செய்வ?" என்றார். அது எனக்குச் சரியாகவே பட்டது. முந்தின வருடம்தான் எங்கள் தெருவில் ஒரு பெண் பிளஸ் டூ பரிட்சையைத் தனி அறையில் உட்கார்ந்து உடம்பெல்லாம் முத்தோடு எழுதிவிட்டு வந்தது. அந்தப் பிள்ளை பட்ட பாட்டைப் பார்த்தவள் நான்.

தடுப்பூசி இருப்பது எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன். சின்னவனுக்கு ஒன்றரை வயதில் ராமநாதபுரத்தில் ஒரு குழந்தை டாக்டர் சொன்னார். ஒரு ஊசி கிட்டத்தட்ட 2,000 ரூபாய், ஒரு பிள்ளைக்கு இரண்டு தவணை. இரண்டு பிள்ளைக்கும் சேர்த்தால் 8,000. மீன்பிடித் தடைக்காலத்தில் ஒரு குடும்பத்துக்கு அரசாங்கம் தருகிற நிவாரணமே அந்த 8,000 ரூபாய்தான், அதை வைத்துத்தான் இரண்டு மாதம் ஓட்டுகிறோம். அதைக் கொண்டுபோய் ஊசிக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னொரு தப்பான எண்ணமும் இருந்தது, இது நிறையப் பேருக்கு இருக்கிறது என்பதால் சொல்கிறேன். சுகாதார நிலையத்தில் ஒன்பதாவது மாதத்திலும் ஒன்றரை வயதிலும் இலவசமாகப் போடுகிற அம்மை ஊசி போட்டாயிற்றே, அட்டையில் எழுதியிருக்கிறதே, அதற்கு மேல் எதற்கு என்று நினைத்தேன். அது தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் ஆனது. சின்னம்மைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. சின்னம்மை ஊசி இன்றைக்கும் அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் இல்லை, தனியாரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். அட்டையை எடுத்துப் பாருங்கள், சின்னம்மை என்றோ வேரிசெல்லா என்றோ தனியாக எழுதியிருந்தால்தான் போட்டதாக அர்த்தம்.

போகிறோம் என்று சொன்னதும் அயித்தை மட்டும்தான் மறித்தார். என் மாமியாருக்கு எழுபது வயது, பள்ளிக்கூடம் போகாதவர். "ஆத்தா இருக்கிற வீட்டுக்கு வெளியாளு போகக் கூடாதுன்னுதானே வாசல்ல வேப்பிலை கட்டுறது? நீ என்ன பிள்ளைகளை உள்ள கூட்டிட்டுப் போறேங்கிற?" என்றார். நான் கேட்கவில்லை. பழைய ஆள், பயப்படுகிறார் என்று நினைத்தேன். இன்றைக்கு யோசித்தால், அந்த வீட்டில் அன்றைக்குச் சரியாகப் பேசியது அவர் ஒருவர்தான். வேப்பிலை கட்டுவது, யாரும் வந்து போகாமல் இருப்பது, வீட்டு ஆள்கள் விசேஷத்துக்குப் போகாமல் இருப்பது, எல்லாம் நம் ஆள்கள் நோய் பரவாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி. யாராவது உங்களிடம் வரவழைக்கிறதுதான் பழைய வழக்கம் என்று சொன்னால் நம்பாதீர்கள். நம் பழைய வழக்கம் அதற்கு நேர் எதிர்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறிப் பாம்பன் பாலம் தாண்டிப் போனோம். பாலத்தில் போகும்போது சின்னவன் ஜன்னலில் முகத்தை அழுத்திக்கொண்டு கீழே படகுகளை எண்ணிக்கொண்டே வந்தான். மதினி வீட்டில் பிள்ளை பாயில் வேப்பிலை பரப்பிப் படுத்திருந்தது, கன்னத்தில் ஏழெட்டு, வயிற்றில் கொஞ்சம். பிள்ளைகள் மூவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தோம். ஒரே டம்ளரில் இளநீர் குடித்தார்கள். மதியம் தூங்கும்போது சின்னவன் தள்ளிப் படுத்தான். நான்தான் அவனை அந்தப் பிள்ளை பக்கம் நகர்த்தி, அவள் போர்த்தியிருந்த அதே போர்வையின் நுனியை இழுத்து அவன் மேல் போட்டேன். பூப்போட்ட நீலப் போர்வை. இதை எழுதும்போதும் அந்தத் துணி என் விரலில் இருக்கிறது.

நான் போட்ட கணக்கு ஒரு வாரம். வரும், படுக்கும், தண்ணீர் ஊற்றுவோம், முடிந்தது. உண்மையில் நடந்தது என்ன என்றால், கிருமி உள்ளே போனதில் இருந்து முத்து வெளியே தெரிய 10 நாளில் இருந்து 21 நாள் வரை ஆகும். பெரியவளுக்குப் பதினைந்தாவது நாள் வந்தது. சின்னவனுக்கு அப்போது வரவே இல்லை. தங்கச்சிமடத்தில் அவனுக்கு ஒட்டவில்லை போல, அக்காவிடம் இருந்து ஒட்டி அதற்கப்புறம் பதினான்கு நாள் கழித்து வந்தது. அதற்கு நாலு நாள் கழித்து அவன் அப்பாவுக்கும். நாங்கள் பஸ் ஏறிய நாளில் இருந்து கடைசி ஆளுக்குத் தண்ணீர் ஊற்றி முடிய ஏழு வாரத்துக்கு மேல் ஆனது. லீவில் முடித்துவிடலாம், பரிட்சைக்கு முன் முடித்துவிடலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள், இது நம் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. பெரியவள் முழுப் பரிட்சைக்கு முந்தின பாடம் எல்லாம் விட்டுப்போய், நோட்டு வாங்கி எழுதவே தனியாகக் கஷ்டப்பட்டாள்.

பெரியவளுக்கு நிஜமாகவே லேசுதான். ஒரு நாள் காய்ச்சல், நாற்பது ஐம்பது முத்து, அவ்வளவுதான். நான் மதினிக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னேன், "ஒண்ணு முடிஞ்சது மதினி" என்று. இப்படி லேசாக வந்துபோன கதைகளைத்தான் எல்லோரும் சொல்கிறோம். என் பெரியவளை மட்டும் பார்த்தவர்கள் இன்றைக்கும் என்னைக் காட்டித்தான் இன்னொருவரிடம் சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள்.

முத்து தெரிந்த மூன்றாம் நாள் நர்ஸம்மா வந்தார். எங்களைப் பார்க்க வரவில்லை, பக்கத்து வீட்டுத் தங்கச்சி அப்போது ஆறு மாதக் கர்ப்பம், அவளுக்கு பிபி பார்க்க வந்தவர், எங்கள் வாசலில் வேப்பிலையைப் பார்த்துவிட்டு நின்றார். எப்போது வந்தது என்று கேட்டார், ஞாயிற்றுக்கிழமை என்றேன். "அதுக்கு முந்தின ரெண்டு நாள் இந்தப் பிள்ளை அந்த வீட்டுக்குப் போச்சா?" என்றார். போயிருந்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் முழுவதும் அந்தத் தங்கச்சி மடியில் தலை வைத்து, தலை பின்னிக்கொண்டு, அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்திருந்தாள். முத்து தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்னாலேயே பரவத் தொடங்கிவிடும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வேப்பிலை கட்டுவதற்கு முன்னாலேயே என் பிள்ளை அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள்.

கர்ப்பிணிக்குச் சின்னம்மை வந்தால் நுரையீரலில் இறங்கித் தாய்க்கே ஆபத்தாகலாம், முதல் பாதி மாதங்களில் என்றால் சில சமயம் வயிற்றில் இருக்கிற பிள்ளையின் கை கால், கண், மூளை வரை பாதிக்கலாம், பிரசவத்தை ஒட்டி வந்தால் பிறந்த பிள்ளைக்கே கடுமையாக வரும் என்று நர்ஸம்மா சொன்னார். அந்தத் தங்கச்சிக்குச் சின்ன வயதில் வந்ததா என்று அவளுக்கும் தெரியவில்லை, அவள் அம்மாவும் உயிரோடு இல்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் எதிர்ப்பு இருக்கிறதா என்று தெரியும், இல்லை என்றால் அதற்கென்று ஒரு ஊசி இருக்கிறது, தடுப்பூசி இல்லை, எதிர்ப்புச் சக்தியையே நேராக ஏற்றுகிற வேறு ஊசி, கூடிய சீக்கிரம், பத்து நாளுக்குள் போட வேண்டும் என்றார். பாப்பாவுக்கு எங்கிருந்து வந்தது என்று நர்ஸம்மா கேட்டபோது, "பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்கும்" என்று சொன்னேன். என் வாயால் சொன்ன பொய். ராமநாதபுரத்தில் ரத்தம் கொடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பி முடிவு வர மூன்று நாள். 1,400 ரூபாயை நானே கொடுத்தேன். அந்த மூன்று நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் இருமினால்கூட எனக்கு அடிவயிறு கலங்கும். நல்லவேளை, அவளுக்கு எதிர்ப்பு இருந்தது. எப்போதோ தெரியாமலே வந்து போயிருக்கிறது. முடிவு வந்த அன்றைக்குத்தான் உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்றும் திட்டவில்லை. "ஏன்க்கா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிருப்பேனே" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் ரொம்ப நாள் சரியாகப் பேசவில்லை.

சின்னவன் கதைக்கு வருகிறேன். ஒரே வீட்டில் இரண்டாவதாக வாங்குகிற ஆளுக்குப் பெரும்பாலும் அதிகமாகப் போடும், ராத்திரி பகலாகக் கூடவே கிடப்பதால் கிருமி அவ்வளவு உள்ளே போகிறது என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். அவனுக்கு அப்படித்தான் போட்டது. தலை முடிக்குள், கண் இமையில், வாய்க்குள், ஒன்றுக்குப் போகிற இடத்தில்கூட. மூன்று நாள் 102 காய்ச்சல். மெடிக்கலில் கேட்டு ஒரு காய்ச்சல் சிரப் வாங்கி வந்து கொடுத்தேன், பாராசிட்டமாலோடு ஐபுபுரூஃபன் கலந்தது. சின்னம்மைக்கு ஐபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது, தோலில் கிருமி இறங்குவது மோசமாகிறது என்று பார்த்திருக்கிறார்கள், வெறும் பாராசிட்டமால்தான், ஆஸ்பிரின் எக்காரணம் கொண்டும் கூடாது என்பது ஆஸ்பத்திரியில் திட்டு வாங்கிய பிறகு தெரிந்தது. பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கும், வாங்கும்போதே "அம்மை போட்ட பிள்ளைக்கு, வெறும் பாராசிட்டமால்" என்று சொல்லி வாங்குங்கள். நகத்தையும் நான் வெட்டவில்லை. அம்மா இருக்கும்போது நகம் வெட்டக் கூடாது, குளிக்க வைக்கக் கூடாது என்று இருந்துவிட்டோம். அவன் தூக்கத்தில் சொறிந்து சொறிந்து தொடையில் இருந்த ஒரு முத்தைக் கிள்ளிவிட்டிருந்தான்.

நாலாம் நாள், புதன்கிழமை. காலையில் காய்ச்சல் விட்டிருந்தது, கூழ் குடித்தான், நானும் மிஷினில் உட்கார்ந்தேன். மதியம் திரும்ப உடம்பு கொதித்தது. காய்ச்சல் விட்டுத் திரும்பவும் வந்தால் அதை முத்துக் காய்ச்சல் என்று நினைத்து உட்கார்ந்திருக்காதீர்கள், நான் அஞ்சு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம் ஒன்றுக்குப் போக எழுப்பினால் இடது காலைத் தரையில் ஊன்ற மாட்டேன் என்கிறான். டிரவுசரை விலக்கிப் பார்த்தேன். கிள்ளிய அந்த முத்தைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குச் சிவந்து, இறுகி, பளபளவென்று இருந்தது. தொடவில்லை, கையைக் கிட்டே கொண்டுபோனதுக்கே அலறினான். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டேன். "பேனாவை எடுத்துச் சிவப்பு முடியுற இடத்தைச் சுத்திக் கோடு போடும்மா. கோட்டைத் தாண்டுதான்னு பாரு. தாண்டுச்சுன்னா விடியட்டும்னு இருக்காதே" என்றார். பெரியவளின் பால்பாயிண்ட் பேனாவால், தினமும் துணியில் கோடு போடுகிற இந்தக் கையால், என் பிள்ளை தொடையில் கோடு போட்டேன். ஏழரை மணிக்குப் போட்டது. ஒன்பது மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் சிவப்பு கோட்டுக்கு வெளியே ஒரு விரல் அகலம் போயிருந்தது.

வீட்டுக்காரர் அன்றைக்குக் கடலில். போன் எடுக்காது. அயித்தை, ஆத்தா உடம்பில் இருக்கும்போது ஊசி குத்தினால் கோபம் வந்துவிடும், விடிந்ததும் கோயில் பூசாரியைக் கூப்பிடலாம் என்று அழுதார். வேப்பிலை விஷயத்தில் அவர் சொன்னது சரி, இதில் தப்பு. நானும் சாமி கும்பிடுகிறவள்தான், அவருக்கு ஒரு பதில்தான் சொன்னேன், "பிள்ளையைக் காப்பாத்துறவதானே அயித்தை ஆத்தா, டாக்டர் கையில இருக்க மாட்டாளா?" என்று. பெரியவளை அவரிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். இரண்டு ஆட்டோக்காரர்கள் அம்மை என்றதும் வரவில்லை, அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கும், அதைக் குறை சொல்ல முடியாது. மூன்றாவதாக வந்தவர், "எனக்குச் சின்ன வயசுலயே வந்துருச்சு, ஏறுங்க தங்கச்சி" என்றார். ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை நாற்பது கிலோமீட்டரும் அவன் என் தோளில் முனகிக்கொண்டே வந்தான்.

டியூட்டி டாக்டர் கோட்டைப் பார்த்ததும், யார் போட்டது, எத்தனை மணிக்கு என்று கேட்டார். அந்தக் கோடுதான் எங்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தியது. தோலில் சாதாரணமாக இருக்கிற கிருமியே அந்தப் புண் வழியாக உள்ளே இறங்கிச் சதையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் தொடையைக் கீறிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும், ரத்தத்தில் கலந்தால் உயிருக்கே சிக்கல் என்றார். தனி அறை, ட்ரிப்ஸ், ஆறு மணி நேரத்துக்கு ஒரு ஊசி. முத்து இல்லாத இடமாகத் தேடி அவன் புறங்கையில் ஊசி ஏற்றினார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொள்ள நான் அவன் முகத்தை என் நெஞ்சில் அழுத்திக்கொண்டேன். ஆறு நாள் இருந்தோம். முதல் இரண்டு ராத்திரி நான் கண்ணை மூடவில்லை. பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் வரவும் முடியாது, அம்மை அறைக்கு யாரைக் கூப்பிட முடியும்?

வியாழக்கிழமை காலை வீட்டுக்காரர் படகில் இருந்து இறங்கி நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். முகம் வீங்கின மாதிரி இருந்தது. படகிலேயே ராத்திரி குளிர் காய்ச்சல் என்றார். டாக்டர் அவரைப் பார்த்துவிட்டுச் சட்டைக் காலரை விலக்கினார், கழுத்தில் இரண்டு முத்து. அவருக்கு 37 வயது. பெரியவர்களுக்கு வந்தால் பிள்ளைகளை விடக் கடுமையாக இருக்கும், நுரையீரலில் இறங்கிவிடலாம் என்று அப்போதே எக்ஸ்ரே எடுத்து, அசைக்ளோவிர் மாத்திரை எழுதிக் கொடுத்தார், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள். முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகக் கேட்கும், பெரும்பாலானவர்கள் நாலு நாள் கழித்து வருகிறார்கள் என்றார். அவர் தப்பித்தது அந்த ஒரு தற்செயலால். நம் பக்கம் வெப்பமான ஊர், இங்கே சின்ன வயதில் வராமலே வளர்ந்த பெரியவர்கள் நிறைய உண்டு. பிள்ளைக்கு வரவழைக்க நினைக்கும்போது வீட்டில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வந்திருக்கிறதா என்று நான் கேட்கவே இல்லை. இதில் மனம் ஆறாத விஷயம் ஒன்று உண்டு. பெரியவளுக்கு முத்து தெரிந்த உடனே, மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள், அவருக்கும் சின்னவனுக்கும் சின்னம்மைத் தடுப்பூசி போட்டிருந்தால் வராமல் தடுத்திருக்கலாம், வந்தாலும் குறைத்திருக்கலாம். உங்கள் வீட்டில் ஒருவருக்கு வந்துவிட்டால் அந்த மூன்று நாளை விடாதீர்கள்.

படகில் அவரோடு இருந்தவர்கள் நாலு பேர். ஒவ்வொருவருக்கும் நானே போன் செய்தேன். ஒருவருக்கு இரண்டு வாரம் கழித்து வந்தது. அவர் வீட்டில் கைப்பிள்ளை இருந்தது, அதற்கு வரவில்லை என்று கேள்விப்படும்வரை நான் யார் வாசலிலும் போய் நிற்கவில்லை.

செலவைச் சொல்கிறேன். சின்னவன் ஆஸ்பத்திரி 43,000. வீட்டுக்காரருக்கு எக்ஸ்ரே, மாத்திரை 3,800. ரத்தப் பரிசோதனை 1,400. ஆட்டோ, போக வர 2,500. கையை விட்டுப் போனது 50,700. விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகும், ஏப்ரல் 15-ல் தடைக்காலம் தொடங்கினால் 61 நாள் கட்டிப் போட வேண்டும், அதற்கு முந்தின மாசி பங்குனியில் சேர்ப்பதுதான் எங்களுக்குக் கையிருப்பு. அந்த நேரத்தில் அவர் 11 தடவை போகவில்லை, ஒரு தடவைக்கு 1,500 என்றாலும் 16,500. அம்மை வீடு என்று என்னிடம் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள், அதில் ஒரு 7,000. ஆக 74,200 ரூபாய். என் மூன்று பவுன் சங்கிலி அடகுக்குப் போனது, இந்தத் தையில்தான் மீட்டேன். 8,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போனவள் நான்.

ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்புகிற அன்றைக்குத்தான் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். கத்துவார் என்று நினைத்தேன். உட்காரச் சொல்லிவிட்டு, "இந்த ஊசியைக் கண்டுபிடிச்சவரும் ஒரு பிள்ளையோட அப்பாதாம்மா" என்று ஆரம்பித்தார். மிச்சியாக்கி தகாஹாஷி என்று ஒரு ஜப்பான்கார டாக்டர், 1964-ல் அவருடைய சின்ன மகனுக்கு மோசமாகச் சின்னம்மை வந்து, பிள்ளை மூச்சுக்குப் படுகிற பாட்டை ராத்திரி எல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார், அதில் இருந்து இதற்கு ஊசி கண்டுபிடிக்க இறங்கி 1974-ல் கொண்டுவந்திருக்கிறார். இன்றைக்கும் பெரும்பாலும் அந்த வழியில் வந்த ஊசியைத்தான் போடுகிறார்கள். நானும் அப்படி இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தவள் என்பதால் அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன். நான் செய்ததும் ஊசியும் ஒன்றுதானே, இரண்டிலும் கிருமிதானே போகிறது என்று கேட்டேன். ஊசியில் இருப்பது பலம் குறைத்த கிருமி, இவ்வளவுதான் என்று அளந்தது, போர்வைக்குள் போனது முழு பலத்தோடு இருக்கிற கிருமி, எவ்வளவு போகும் என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். ஊசி போடாத பிள்ளைக்குச் சாதாரணமாக 250-ல் இருந்து 500 முத்து போடும், இரண்டு தவணை போட்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வராது, தப்பி வந்தாலும் பொதுவாக 50-க்குள் நின்றுவிடும். "ஊசி போட்டாலும் வருமாமே" என்று சொல்கிறார்களே, அதற்குப் பதில் இதுதான்.

அயித்தைக்கு மூன்று வருடம் முன்னால் இடுப்பைச் சுற்றி அக்கி வந்து, மண்பானை செய்கிற வேளாரிடம் போய்க் காவியால் எழுதிக்கொண்டு வந்தார், எரிச்சலில் ஒரு மாதம் தூங்கவில்லை. அதுவும் இதே கிருமிதானாம். சின்ன வயதில் வந்த அம்மை உடம்பை விட்டு முழுசாகப் போவதில்லை, நரம்புக்குள் ஒளிந்திருந்து வயதான காலத்தில் அக்கியாக எழும்பும். ஊசி போட்டு வளர்கிற பிள்ளைகளுக்கு அந்த அபாயமும் குறைவு. என் இரண்டு பிள்ளைகளுக்கும் அதை நான் கொடுத்துவிட்டேன்.

ஊசி போட நினைப்பவர்களுக்கு, நான் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். முதல் தவணை 15 மாதத்தில், இரண்டாவது அதில் இருந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள். பிள்ளை வளர்ந்துவிட்டது என்று விட வேண்டாம், எந்த வயதிலும் போடலாம், 13 வயதுக்கு மேல் என்றால் நாலு முதல் எட்டு வார இடைவெளியில் இரண்டு. கர்ப்பமாக இருக்கும்போது போடக் கூடாது, அதனால் கல்யாணம் ஆகப்போகிற பெண் பிள்ளைகளுக்கு அம்மை வந்ததில்லை என்றால் முன்கூட்டியே போட்டுவிடுங்கள், போட்டபின் ஒரு மாதமாவது கர்ப்பம் தள்ளிப்போக வேண்டும். புற்றுநோய் மருந்து, ஸ்டீராய்டு என்று எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் சிகிச்சையில் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது. மொத்தமாகக் கையில் காசு இல்லை என்றால் இந்த மாதம் ஒரு பிள்ளைக்கு, அடுத்த மாதம் இன்னொரு பிள்ளைக்கு என்று போடலாம், நான் கேட்டிருந்தால் அன்றைக்கே அந்த டாக்டர் சொல்லியிருப்பார். ஏற்கெனவே அம்மை வந்துவிட்டது என்றால் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பைக் கழுவி, நகத்தை ஒட்ட வெட்டி, எல்லா முத்தும் பொருக்குத் தட்டும்வரை வீட்டோடு வைத்திருங்கள். இளநீர், கூழ், மோர் எல்லாம் நல்லதுதான், வாய்க்குள் புண் இருக்கும்போது அதுதான் இறங்கும். காய்ச்சல் நாலு நாளைத் தாண்டினாலும், விட்டுத் திரும்ப வந்தாலும், ஒரு இடம் சிவந்து சூடாக வலித்தாலும், மூச்சு வாங்கினாலும், பிள்ளை தள்ளாடி நடந்தாலும், எழுப்ப எழுப்ப எழாமல் கிடந்தாலும், ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். அரசு ஆஸ்பத்திரியிலும் சேர்த்துக்கொள்வார்கள், பதற்றத்தில் நான் தனியாரிடம் ஓடினேன்.

சின்னவனுக்கு இப்போது ஏழு வயது. தொடையில் ஒரு ரூபாய் அளவுக்கு வழவழப்பான தழும்பு. யாராவது கேட்டால், "அம்மா கோடு போட்ட இடம்" என்கிறான்.

பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு அந்த வைகாசியில் பெண் பிள்ளை பிறந்தது. போன ஆவணியில் ஒரு நாள் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று, "அக்கா, பாப்பாவுக்கு பதினஞ்சு மாசம் ஆச்சு. அந்த ஊசி எங்க போடுறாங்க, நீங்களும் கூட வாங்களேன்" என்றாள். நானும் போனேன். 2,100 ரூபாய். என் மடியில் வைத்துத்தான் போட்டார்கள், ஒரு நிமிடம் அழுதது. அன்றைக்குச் சாயங்காலம் லேசாக உடம்பு சுட்டது. இரண்டு வாரம் கழித்து முதுகில் மூன்று சின்னப் பொரி மாதிரி எழும்பியிருந்ததைக் காட்ட அவள் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஊசியால் அப்படிச் சிலருக்கு வரும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மூன்றையும் விரலால் எண்ணிப் பார்த்தோம். மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை.